மூன்றாம் எண் பூட்டு

அன்று ஐஸ் கம்பெனியில் இருந்தவர்கள் ஒன்பது பேர். சுவிட்ச் அறையைப் பார்த்துக்கொள்கிற ஜெசிந்தா. புதிதாக மேஸ்திரி ஆன கஸ்பார். கட்டி உடைக்கிற மெஷினில் சந்தியாகு. அவருக்கு வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. அவரோடு அதே மெஷினில் இசிதோர். தொட்டியிலிருந்து கட்டி தூக்குகிற அண்ணன் தம்பி, பெனடிக்ட், போனிபாஸ். உப்புக் கரைக்கிற முத்துக்கனி. வண்டியில் ஏற்றுகிற கருத்தபாண்டி. வாசலில் வாட்ச்மேன் பிச்சையா. முதலாளி ஊரில் இல்லை.

இவர்களில் ஆசான் ஜெசிந்தா. வயது முப்பத்தேழு. இடது கையில் மூன்று விரல்தான் உண்டு. மற்ற இரண்டும், முன்பு வேலை பார்த்த மில்லில் ஒரு சுவிட்சோடு கருகிப் போயின.

சீடர் கஸ்பார். வயது ஐம்பத்தைந்து. மேஸ்திரியாக நீடிக்க வேண்டுமானால் ஒரு மாதம் ஜெசிந்தாவிடம் பாடம் கேட்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அன்று ஒன்பதாம் நாள்.

எட்டு நாளாக கஸ்பார் ஒன்றைக் கவனித்திருந்தார். காலையில் ஆட்கள் உள்ளே வரும்போது ஜெசிந்தா வாசலில் நிற்பார். எல்லோரும் வந்தபின் நோட்டில் ஓர் எண் எழுதி மூடிவிடுவார். மாலையிலும் அப்படியே. என்ன கணக்கு என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பதினொரு மணிக்கு சந்தியாகு மெஷினை விட்டு விலகிக் கையை உதறினார்.

"இன்னைக்குக் கொஞ்சம் பலமா கிள்ளுது."

"மாமியா கிள்ளுன மாதிரியா, கொழுந்தியா கிள்ளுன மாதிரியா?" என்றான் இசிதோர்.

"உன் பொண்டாட்டி கிள்ளுன மாதிரிலே. நீ வந்து தொட்டுப் பாரு, அடையாளம் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். உப்புத் தண்ணீர் ஓடுகிற கொட்டகை அது. மெஷினின் உடம்பில் கரண்ட் கிள்ளுவது அங்கே புதிதல்ல. கிள்ளினால் ஒரு சாக்கை மடித்துக் காலடியில் போட்டுக்கொள்வார்கள். கஸ்பார் தொட்டியிலும் மெஷினிலுமாக இருபத்தாறு வருஷம் அந்தச் சாக்கின் மேல் நின்றவர்.

"இன்னொரு சாக்குப் போடும் அண்ணே," என்றார் கஸ்பார். "நாலு மணிக்கு மூணு படகு கிளம்புது."

காலையில்தான் முதலாளி போனில் சொல்லியிருந்தார். "மூணுக்கும் ஐஸ் போயாகணும். போகலைன்னா நீரு பழையபடி தொட்டிக்கே போயிரும்."

ஜெசிந்தா வந்தார். கையில் ரப்பர் உறை. ஒரு பல்பு, அதிலிருந்து நீண்ட இரண்டு ஒயர்.

"அண்ணே, சாக்கு எதுக்கு?"

"இது தெரியாதா வாத்தியாரம்மா? கரண்ட் ஏறாம இருக்க."

"சரி."

ஜெசிந்தா சாக்கின் மேல் ஓர் இரும்புக் கொக்கியை வைத்தார். ஓர் ஒயரின் நுனியைக் கொக்கியில் வைத்தார். மறு நுனியை மெஷினின் உடம்பில் வைத்தார்.

பல்பு மங்கலாக எரிந்தது.

சாக்கிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சந்தியாகு மட்டும் சாக்கை விட்டு இன்னும் ஓர் அடி தள்ளிப் போனார்.

"இருபத்தாறு வருஷம் நின்னேனே," என்றார் கஸ்பார். "எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஜெசிந்தா ஒயரைச் சுற்றி வைத்தார்.

"மெஷினை நிறுத்துங்க அண்ணே."

மெயின் சுவிட்சின் கைப்பிடியில் ஆறு துளை வைத்த ஒரு தகடு இருந்தது. மெஷினுக்குள் கை வைக்கிறவர் முதலில் அதில் தன் பூட்டைப் போட வேண்டும். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் கைப்பிடி மேலே ஏறாது. ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டு வாங்கிய அன்றே இரண்டாவது சாவியை அவரவர் கையாலேயே கடலில் எறிந்துவிட வேண்டும். இது ஜெசிந்தா கொண்டுவந்த வழக்கம். கஸ்பாரும் எட்டு நாளுக்கு முன் துறைப் பாலத்தில் நின்று எறிந்தார். "நல்ல சாவியைத் தண்ணியில போடுறதும் ஒரு படிப்பா?" என்று கேட்டுக்கொண்டேதான் எறிந்தார்.

அன்று நான்கு பூட்டு ஏறியது. ஒன்றாம் எண் ஜெசிந்தா. இரண்டு சந்தியாகு. மூன்று இசிதோர். ஒன்பது கஸ்பார்.

ஜெசிந்தா பல்பைப் பக்கத்துச் சுவிட்சில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. பிறகு மெஷினில் வைத்தார். எரியவில்லை. மறுபடி பக்கத்துச் சுவிட்சில் வைத்தார். எரிந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கை வைக்கச் சொன்னார்.

மோட்டாருக்குப் போகிற கேபிளின் தோல் உப்பில் வெந்து வெடித்திருந்தது. மண்ணுக்குள் போக வேண்டிய எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. எத்தனை மாதமாக அறுந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கேபிளை மாற்றினார்கள். கம்பியைப் புதிதாக இழுத்தார்கள். கஸ்பார் மோட்டாரின் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, வெறும் செம்பு முனைகளை முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பத்துக்கு வேலை முடிந்தது.

ஜெசிந்தா தன் பூட்டைக் கழற்றினார். சந்தியாகு கழற்றினார். கஸ்பார் கழற்றினார். மூன்றாம் எண் பூட்டு தொங்கியது.

"இசிதோர் எங்க?"

கஸ்பார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் முந்தி நான்தான் துறைக்கு அனுப்பினேன். வண்டியைக் கொண்டாங்கன்னு படகுக்காரங்ககிட்ட சொல்ல."

"சாவி?"

"அவன் கழுத்துல. மாதா உத்திரியக் கயித்தோட சேர்த்துக் கட்டியிருப்பான்."

போன் செய்தார்கள். கொட்டகை ஆணியில் தொங்கிய இசிதோரின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

கஸ்பார் உள்ளே போய் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு எல்லோரையும் விரல் நீட்டி எண்ணினார். எட்டு.

"எட்டுப் பேரு இங்க. ஒருத்தன் துறையில. மெஷின்ல ஈ காக்கா கிடையாது. கைப்பிடியைத் தூக்கலாம்ல?"

"பூட்டு இருக்கு அண்ணே."

"நான்தானே அனுப்பினேன்! என் கண்ணால பார்த்தேன், சைக்கிள்ல போறான்."

"ஆமா."

கஸ்பார் பட்டறைக்குள் போய் ரம்பத்தோடு வந்தார். சந்தியாகு தரையைப் பார்த்தார். பெனடிக்ட் தம்பியின் காதில் ஏதோ சொன்னான். ஜெசிந்தா தடுக்கவில்லை. சுவிட்சுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

ரம்பத்தின் பல் பூட்டில் பட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா. சீக்கிரம் கேளு."

"முக்கால் மணி நேரம் செம்பைப் பிடிச்சிட்டு நின்னீங்க. யாரை நம்பி நின்னீங்க?"

"யாரையும் இல்ல. என் பூட்டு தொங்குச்சு. அதான் நின்னேன்."



கஸ்பார் மூன்றாம் எண்ணைப் பார்த்தார். சுவரில் மணி இரண்டு இருபது. ரம்பத்தைப் பிச்சையாவின் கையில் கொடுத்தார்.

"உம்ம சைக்கிளைக் கொடும் வே."

"பிரேக் பிடிக்காதே!"

"நிக்கவா போறேன்?"

ஐம்பத்தைந்து வயதுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துறைக்கு மிதித்தார். இசிதோர் கரையில் இல்லை. இரண்டாவது படகில் ஏறிக் கதை பேசிக்கொண்டிருந்தான். அவனை அவன் சைக்கிளில் முன்னால் விரட்டிக்கொண்டு திரும்ப மிதித்தார். வந்து சேர்ந்தபோது மணி மூன்று. இசிதோர் கழுத்துச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

"என் பூட்டுக்காகவா மேஸ்திரி இப்படி வேர்த்துட்டீரு?"

"வாயை மூடுலே."

ஜெசிந்தா கைப்பிடியைத் தூக்கினார். மெஷின் ஓடியது. பல்பை வைத்துப் பார்த்தார்கள். எரியவில்லை.

மூன்று படகுக்கும் ஐஸ் போனது. ஆனால் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய படகுகள் ஐந்தே காலுக்குத்தான் கிளம்பின. படகுக்காரர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை.

முதலாளி கூப்பிட்டார். "ஏன் லேட்டு?"

"ஒரு பூட்டு திறக்காம இருந்துச்சு முதலாளி."



"மிச்சம் எத்தனை கட்டி?"

"பதினாலு."

"நாளைக்கு வந்து பேசிக்கிறேன்."

கஸ்பார் போனை மடியில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஜெசிந்தா நோட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, மெஷினுக்குள்ள யாருமே இல்ல. அம்பது நிமிஷம் காத்துக் கிடந்தோம். நாளைக்கு நான் தொட்டிக்குப் போனாலும் போவேன். காத்திருந்ததுல என்னதான் மிச்சம்?"

குழாயடியில் கை கழுவிவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். முத்துக்கனி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பெனடிக்டும் போனிபாஸும் கை ஆட்டினார்கள். சந்தியாகு நான்கு விரலால் கும்பிடு போட்டார். இசிதோர் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டிக் காட்டினான்.

ஜெசிந்தாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு நோட்டில் எழுதினார். இந்த முறை நோட்டை மூடவில்லை. கஸ்பார் பக்கம் திருப்பிக் காட்டினார். காலைக் கட்டத்தில் ஓர் எண். மாலைக் கட்டத்திலும் அதே எண். எட்டு நாளும் அதே.

"ஐஸ் கட்டிக் கணக்கா?"

ஜெசிந்தா இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதில் மூன்று விரல் இருந்தது.

கஸ்பார் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பத்தும் இருந்தது.

"மிச்சம் கேட்டீங்களே அண்ணே," என்றார் ஜெசிந்தா. "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து, எண்பத்தேழு."