ஆணியில் மாட்டாத ஒயர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. மேசையைச் சுற்றி ஐந்து பேர். தலைமை, ஞானசிகாமணி.

இடம் ஓசூர். மடிக்கணினி தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனம். அடுத்த ஆண்டு வரவேண்டிய மாடலில் எந்தத் துளைகள் இருக்க வேண்டும், எவை போக வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

டிவிக்கு ஒயர் செருகும் துளை இருக்கட்டும் என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. பென்டிரைவுக்கு ஒரு துளை போதுமா, இரண்டா என்பதில் டீ ஆறிப்போனது. ஹெட்போன் துளைக்கு வந்ததும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

“அதை எடுத்துட்டா உடம்பு இன்னும் மெலியும்,” என்றார் விற்பனைப் பிரிவின் அந்தோணி ராயன். “கடைக்குள்ள வர்றவன் கையில தூக்கிப் பாக்கறான். எவ்வளவு மெலிசுன்னு பாக்கறான். அவ்வளவுதான். மத்ததெல்லாம் நாம நமக்குள்ள பேசிக்கறது.”

“பாட்டு கேக்கறவங்க?” என்றார் ஹாஜிரா. மின்சுற்றுகளைப் பார்க்கும் பொறியாளர்.

“ஒயர் இல்லாமக் கேக்கட்டும். இப்ப யாரும்மா காதுல ஒயர் மாட்டிட்டுத் திரியறாங்க? என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் ஒரே ஒரு ஓட்டை போதும்.”

“மூக்குக்கே ரெண்டு இருக்கு, ராயன் சார்.”

“எனக்கு அதுல ஒண்ணு எப்பவும் அடைச்சுத்தான் கிடக்கு. பொழப்பு ஓடலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஞானசிகாமணியும் சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் சில பழைய ஒயர்கள் தொங்கின. அது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஒரு துளையை மூடச் சொல்பவர், அதைத் தினமும் பயன்படுத்துகிற ஒருவரைத் தேடிப் போக வேண்டும். விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் கையிலிருந்தே ஒயரை வாங்கிக்கொண்டு வந்து ஆணியில் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் துளை மூடப்படும்.

வழக்கத்தை உண்டாக்கியவர் சௌந்தரவல்லி. வடிவமைப்புப் பிரிவின் முந்தைய தலைவர். பெரிய திரைக்கான பழைய துளையை மூடியபோது, சூளகிரியில் ஒரு பள்ளிக்கு அவரே போனார். ஆசிரியை ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். “இனிமே பசங்களுக்கு எதுல காட்டறது?” என்று மட்டும் கேட்டார். சௌந்தரவல்லி திரும்பி வந்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மாற்று ஒயரைச் சேர்த்து வைக்கச் சொன்னார். அந்த மாடல் அதனால் இரண்டு மாதம் தள்ளிப்போனது.

ஞானசிகாமணி அதற்கு முன் தகடு வெட்டும் பிரிவில் இருந்தவர். அவரை வடிவமைப்புக்கு அழைத்து வந்து வேலை சொல்லிக்கொடுத்தவர் சௌந்தரவல்லி. வயதில் ஞானசிகாமணிதான் ஆறு வருடம் மூத்தவர். ஆனாலும் யார் கேட்டாலும், “நான் மேடத்தோட சிஷ்யன்” என்பார். சௌந்தரவல்லி அவரை ஒருநாளும் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “சிகாமணி சார்” என்பார்.

ராயன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து மேசையில் போட்டார்.

“ஒயர்தானே வேணும்? இந்தாங்க. என் கையால தர்றேன்.”

ஹாஜிரா அதை நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“தினமும் பயன்படுத்தறீங்களா சார்? தூசியையாவது தட்டிட்டுக் கொண்டுவந்திருக்கலாம்.”

“சரி, வேற யாரு இருக்கா? சொல்லுங்க.”

அந்தத் துளையைத் தினமும் பயன்படுத்துகிற ஒருவரை அந்த அறையில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும்.

சௌந்தரவல்லி வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நரம்புகள் தசைகளைக் கைவிடும் நோய். முதலில் கால் போனது. பிறகு கை. பிறகு பேச்சு. இப்போது அசைவது இடது கட்டைவிரல் ஒன்றுதான். அதன் அடியில் ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். பட்டனிலிருந்து ஓர் ஒயர் மடிக்கணினியின் ஹெட்போன் துளைக்குப் போகும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அழுத்த வேண்டும். வாக்கியம் முடிந்ததும் கணினி அதைப் படித்துச் சொல்லும். அதுதான் அவர் பேச்சு.

“நான் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன் சார்,” என்றார் ஹாஜிரா. கைப்பையைத் திறந்து வெள்ளை நிறத்தில் ஒரு பட்டனை எடுத்தார். “மேடத்துக்காக. ஒயர் கிடையாது. இங்க போட்டுப் பாத்துட்டேன், நல்லா வேலை செய்யுது.”

“அப்புறம் என்ன?” என்றார் ராயன். “மேடத்துக்கும் தொல்லை விட்டுது, நமக்கும் விட்டுது. போய் ஒயரை வாங்கிட்டு வந்துடுங்க சிகாமணி சார்.”

ஞானசிகாமணி பட்டனை வாங்கிக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு அவர் பாகலூர் சாலையில் இருந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் சௌந்தரவல்லியின் கணவர் ரகோத்தமன். பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். கையில் கஞ்சி டம்ளர் இருந்தது. ஆற்றிக்கொண்டே பேசினார்.

“வாங்க சிகாமணி. இன்னிக்கு இவளோட அக்கா வந்திருந்தாங்க. காலைல இவ நிறையப் பேசிட்டா.”

“நான் வேணா நாளைக்கு வரட்டுமா சார்?”

“வந்தது வந்துட்டீங்க, உள்ள வாங்க. விரல் சீக்கிரம் சோர்ந்துடுது, அதான் சொன்னேன். சாயங்காலமானா ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தை. அதுக்கு மேல வராது. பார்த்துக் கேளுங்க.”

சௌந்தரவல்லி ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். முன்னால் ஒரு மேசை, மேசையில் மடிக்கணினி. ஞானசிகாமணி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். புதிய மாடலின் மாதிரி உடலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளே எதுவும் இல்லாத வெறும் தகடு.

“எவ்வளவு மெலிசு பாருங்க மேடம்.”

எழுத்துகள் ஒளிர்ந்தன. கட்டைவிரல் அழுத்தியது, நின்றது, அழுத்தியது. ஞானசிகாமணி காத்திருந்தார். கணினி பேசியது.

“என்னைவிடவா, சிகாமணி சார்?”

அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. அதனால் சிரிக்க அவருக்குச் சற்று நேரம் ஆனது. சிரித்த பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“சார் வேண்டாம் மேடம். எத்தனை தடவை சொல்றது? எவ்வளவு எழுத்து வீணாகுது.”

பதில் வரவில்லை. அந்த விஷயத்தில் எப்போதும் வராது.

பிறகு விரல் அசைந்தது.

“ஒயர் கிடைச்சுதா, சிகாமணி சார்?”

கூட்டத்தில் எந்தத் துளையைப் பற்றிப் பேசுவார்கள் என்பது சௌந்தரவல்லிக்குத் தெரிந்திருந்தது.

“ராயன் கொண்டுவந்தார் மேடம். பழைய ஹெட்போன். அவரோடதுதான்.”

“செல்லாது, சார்.”

“தெரியும் மேடம். அதான் நான் வந்தேன்.”

சொல்லிவிட்டு அவர் மேசையைப் பார்த்தார். ஒயர் அங்கே இருந்தது. கறுப்பு ஒயர். நசுங்கிய ஓரிடத்தில் ரகோத்தமன் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

ஞானசிகாமணி வெள்ளைப் பட்டனை வெளியே எடுத்தார்.

“ஹாஜிரா உங்களுக்காகச் செஞ்சது. ஒயர் கிடையாது. புரட்டிப் படுக்க வைக்கறப்ப சிக்காது, இழுக்காது.”

“அது நல்லதுதான்,” என்றார் ரகோத்தமன் வாசலருகே நின்றபடி. “படுக்கையை மாத்தறப்பல்லாம் மாட்டிக்குது. போன வாரம் நசுங்கி அறுந்துபோகப் பாத்துது.”

“பாத்தீங்களா?” என்றார் ஞானசிகாமணி. அவர் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. “இது வேலை செஞ்சா அந்தத் துளை யாருக்கும் வேண்டாம் மேடம். அதை எடுத்தாத்தான் இந்த மெலிவு வரும். அடுத்த வாரம் அச்சு வெட்டக் கொடுக்கணும். வெட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது. நீங்க சரின்னா மூடிடறேன். வேண்டாம்னா விட்டுடறேன். யார் என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லுங்க. மூடலாமா?”

எழுத்துகள் ஒளிர்ந்தன. கட்டைவிரல் அழுத்தியது.

“இருங்க மேடம், இருங்க. பதிலைப் புதுப் பட்டன்லயே சொல்லிடுங்க.”

ஒயரை உருவினார்.

திரை வெளுத்தது. ‘பட்டனைத் தேடுகிறது’ என்று ஒரு வரி வந்தது. ஞானசிகாமணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வெள்ளைப் பட்டனை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார்.

“ஆபீஸ்ல உடனே வந்துது. இங்க என்னவோ... இதோ, தேடுது. டிவி துளை வச்சிருக்கோம் மேடம். நீங்க அன்னிக்கே சொன்னீங்க, பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு. பென்டிரைவுக்கு ரெண்டு. ராயன் ஒண்ணு போதும்னாரு. நான் விடலை. எடை இன்னும் கொஞ்சம் குறையணும், அது மூடித் தகட்டுல பாத்துக்கலாம். இதோ வந்துடும்.”

‘தேடுகிறது’ என்ற சொல் மறைந்து மறைந்து வந்தது. அவர் பட்டனைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்.

ரகோத்தமன் கஞ்சி டம்ளரோடு நான்கு அடி உள்ளே வந்தார். நின்றார்.

“சிகாமணி.”

“ஆச்சு சார். ஒரு நிமிஷம்.”

“சிகாமணி. அவ பேசிட்டிருக்கா.”

ஞானசிகாமணி திரும்பினார்.

ஒயரின் ஒரு முனை அவர் மடியில் கிடந்தது. மறுமுனையில் பழைய பட்டன் அப்படியே விரலுக்கு அடியில் இருந்தது. கட்டைவிரல் அழுத்தியது, நின்றது, அழுத்தியது. திரை சௌந்தரவல்லிக்குத் தெரியவில்லை. எழுத்துகள் எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த இடைவெளியைச் சரியாக விட்டு அழுத்திக்கொண்டிருந்தார். அதில் அவசரம் எதுவும் இல்லை.

“மேடம்,” என்றார் ஞானசிகாமணி.

விரல் இன்னும் ஒருமுறை அழுத்தியது. நின்றுவிட்டது. சொல்ல வேண்டியது முடிந்திருந்தது.

கணினியிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. ‘பட்டன் இணைந்தது’ என்றது திரை. பழைய எழுத்துகள் எதுவும் அதில் இல்லை.

ஞானசிகாமணி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பழைய பட்டனை எடுத்துவிட்டு வெள்ளைப் பட்டனை வைத்தார். விரலைத் தூக்கி வைக்கும்போது அது சில்லென்று இருந்தது.

“மன்னிச்சுடுங்க மேடம். நான் திரையையே பாத்துட்டிருந்துட்டேன்.”

சௌந்தரவல்லியின் கண்கள் அவரைப் பார்த்தன. கோபம் போலத் தெரியவில்லை. களைத்திருந்தன.

“என்ன சொன்னீங்க மேடம்? இன்னொரு தடவை சொல்லுங்க. மூடலாமா, வேண்டாமா?”

எழுத்துகள் ஒளிர்ந்தன. ஒரு சுற்று போனது. விரல் அசையவில்லை. மறு சுற்றில் அழுத்தியது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ரகோத்தமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். ஞானசிகாமணி இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பட்டன் நன்றாகத்தான் வேலை செய்தது.

கணினி பேசியது.

“நடுவுல சொல்லிட்டேன்.”

அவர் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். எழுத்துகள் ஒளிர்ந்துகொண்டே இருந்தன. விரல் அழுத்தவில்லை. சற்று நேரத்தில் சௌந்தரவல்லி கண்களை மூடிக்கொண்டார்.

“இன்னிக்கு அவ்வளவுதான்,” என்றார் ரகோத்தமன். “ஒயரை எடுத்துக்குங்க. அதுக்குத்தானே வந்தீங்க?”

ஞானசிகாமணி வெள்ளைப் பட்டனை எடுத்துப் பழைய பட்டனை விரலுக்கு அடியில் வைத்தார். கறுப்பு ஒயரைச் சிக்கெடுத்து, துளையில் செருகினார். உள்ளே போய் நிற்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினார்.

சௌந்தரவல்லி அந்த ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி காலமானார். புதிய மாடல் மறு ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. ராயன் கேட்ட மெலிவு அதில் இல்லை. ஹெட்போன் துளை இடப்பக்கம் இருந்தது.