தப்பாக வந்த எண்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கிணிங், கிணிங். கொஞ்சம் நிற்கும். மறுபடியும் கிணிங்.

நர்சிங் கல்லூரி விடுதியின் முதலாண்டுப் பெண்கள் அதைக் கேட்பது தொடர்ந்து மூன்றாவது இரவு. எதிர்க் கட்டடத்தில் ஆய்வுக்கூடம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலும்புக்கூடு தொங்குகிறது. சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

"அதுக்கு யாரோ கொலுசு வாங்கிக் குடுத்திருக்காங்க மேம்," என்றாள் மகிமா.

"அளவு சரியா இருக்கான்னு பார்த்துட்டு வரேன்," என்றாள் நஸீமா.

நஸீமா அவர்களுக்கு உடலியங்கியல் நடத்துபவள். அன்று விடுதிப் பொறுப்பும் அவளுடையது. வயது இருபத்து நான்கு. டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகவே போனாள்.

மேசைமேல் ஒரு கைபேசியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் சகாயராணி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான அளவுக் குழாய்க்குள் கண்ணாடிக் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். குச்சி குழாயில் பட்டபோதெல்லாம் கிணிங்.

வகுப்பிலேயே மூத்தவள் சகாயராணி. இருபத்தேழு வயது. பத்து மாதக் குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து படிக்கிறாள். வகுப்பே அவளை அக்கா என்று கூப்பிடும். நஸீமா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆனால் நீங்க என்றுதான் பேசுவாள்.

சகாயராணி எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க மேம். கண்ணாடிச் சாமான் கழுவணும்னு அட்டெண்டர் அண்ணன்கிட்ட பொய் சொல்லிச் சாவி வாங்கினேன்."

"என்ன பண்றீங்க?"

"ஹீமோகுளோபின் பார்க்கிறேன்."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் நஸீமா பார்த்துவிட்டாள். எல்லா விரல் நுனியிலும் ஊசிப் புள்ளிகள்.

"எவ்வளவு வந்தது?"

"தப்பா வந்தது."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"தப்பா வந்ததை எதுக்கு மேம் சொல்லணும்?"

பக்கத்தில் அவளுடைய ரெக்கார்டு நோட்டு திறந்து கிடந்தது. மறுநாள் அதில் நஸீமா கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் வியாழக்கிழமை செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. நஸீமா பக்கத்தை டார்ச்சில் பார்த்தாள். ஓர் எண்ணை ரப்பரால் அழித்ததில் தாள் மெலிந்திருந்தது. அதன்மேல் அழகான எழுத்தில் 12.5.

"இது எங்கேர்ந்து வந்தது?"

"சீனியர் நோட்டிலேர்ந்து."

"எல்லாரும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும் அவங்கவங்க ரத்தத்துலயே வந்துடுச்சு மேம். எனக்குத்தான் வரலை. மகிமா எட்டிப் பார்த்துட்டு, 'அக்கா, பால்காரர் மாதிரி ரத்தத்துல தண்ணி ஊத்திட்டீங்களே'ன்னு சிரிச்சா. உடனே அழிச்சுட்டேன்."

"ஏன் அழிச்சீங்க?"

"நான் படிச்ச கான்வென்ட்ல தப்பு விடை நோட்டுல இருந்தா சிஸ்டர் முட்டி போட வைப்பாங்க. அழிச்சுட்டு, போர்டுல இருக்கிறதைப் பார்த்து எழுதணும்."

நஸீமா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சகாயராணி நின்றபடியே சொன்னாள்.

"போன வருஷம் பிள்ளைய வயித்துல வெச்சுக்கிட்டு எழுதினேன். இந்தப் பேப்பர்லதான் ஃபெயிலாப் போனேன். இந்தத் தடவையும் போச்சுன்னா பிள்ளையப் பார்த்துக்கிட்டு வீட்டோட இருன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். சயின்ஸ் எனக்கு ஏறலை மேம். புத்தகத்தைத் திறந்தா கண்ணு சொருகுது. மத்தவங்க பன்னிரண்டு மணி வரைக்கும் படிக்கிறாங்க. நான் ஒன்பது மணிக்கே கவுந்துடறேன். பெத்த பிள்ளைய விட்டுட்டு வந்து, இங்க தூங்கிட்டுக் கிடக்கேன். யார்கிட்டயும் சொல்ல வெட்கமா இருக்கு."

பிறகு கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க மேம். இந்தப் பாடம் எனக்கெல்லாம் வருமா?"

நஸீமா தன் கையை நீட்டினாள்.

"என் விரலைக் குத்துங்க."

"மேம்?"

"குத்துங்க. எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க."

சகாயராணி விரலைத் துடைத்தாள். குத்தினாள். முதல் துளியைத் துடைத்துப் போட்டுவிட்டு இரண்டாவது துளியை உறிஞ்சு குழலில் கோடு வரைக்கும் எடுத்தாள். அமிலம் இருந்த இன்னொரு குழாயில் விட்டாள். சிவப்பு, பழுப்பாக மாறத் தொடங்கியது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"குழந்தை பேரு என்ன?"

"அமலி."

"பல் வந்துடுச்சா?"

"ரெண்டு. அம்மா போன்ல காட்டினாங்க."

சகாயராணி குழாயைத் தூக்கி நிறம் பார்த்துவிட்டு வைத்தாள்.

நேரம் ஆனதும் சகாயராணி தண்ணீரைத் துளித்துளியாக விட்டுக் கலக்கினாள். ஒவ்வொரு முறையும் குழாயைத் தூக்கி, மாதிரிக்கு வைத்திருந்த பழுப்புக் கண்ணாடியோடு ஒப்பிட்டாள். இரண்டு நிறமும் ஒன்றானதும் நிறுத்தினாள். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் பார்த்தாள்.

"பன்னிரண்டு புள்ளி எட்டு."

"போன வாரம் ரத்ததானம் பண்ணப் போனேன். மெஷின்ல வெச்சுப் பார்த்தாங்க. பன்னிரண்டு புள்ளி ஏழு."

"உங்களுக்குச் சரியா வருது மேம். எனக்குத்தான்…"

"வைவா கேள்வி," என்றாள் நஸீமா, வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல். "ஹீமோகுளோபின் குறைஞ்சா என்னென்ன அறிகுறி?"

சகாயராணியின் கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. பள்ளியில் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள்.

"ஒன்று, தோல் வெளிறும். இரண்டு, கண்ணின் கீழிமை உள்ளே வெளிறும். மூன்று, ஓயாத களைப்பு, தூக்கம். நான்கு, படி ஏறினால் மூச்சு வாங்கும்."

"ஒண்ணு விடாம சொல்றீங்களே."

"நீங்க நடத்தினப்போ நின்னுக்கிட்டே கேட்டேன் மேம். அதான்."

அந்த வகுப்பில் தூங்கி விழுந்ததற்காக அவளை முழு மணி நேரமும் கடைசி பெஞ்சில் நிற்க வைத்தது நஸீமாதான். அவள் டார்ச்சை அணைத்தாள். சும்மா மறுபடியும் போட்டாள்.

"மேல சொல்லுங்க."

"ஐந்து, படித்தது மனசில் நிற்காது. ஆறு, கண்டதைத் தின்னத் தோன்றும்; மண், சிலேட்டுக் குச்சி, பச்சரிசி…"

அங்கே நின்றுவிட்டாள். கன்னத்தில் ஒதுக்கியிருந்த நாலு பச்சரிசி அப்போதும் வாயில் இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நஸீமா எழுந்து, அவளுடைய கீழிமையை விரலால் இழுத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். நோட்டுத்தாள் மாதிரி வெளுத்திருந்தது.

"பிரசவத்துக்கு அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. வெளிக்குப் போனா கறுப்பாப் போச்சு. பயந்துபோய் நிறுத்திட்டேன்." குரல் இறங்கியது. "நர்ஸ் படிக்கிறவ, இதை யார்கிட்டப் போய்க் கேட்பேன்?"

"காலையில ஏழு மணிக்கு ரெடியா இருங்க. டாக்டர்கிட்ட நானும் வரேன்."

சகாயராணி தலையை ஆட்டினாள்.

"இப்போ சொல்லுங்க. வகுப்புல எவ்வளவு வந்தது?"

"ஆறரை."

"முந்தாநாள்?"

"ஆறரை."

"நேத்து?"

"அதேதான்."

"இன்னைக்கு?"

சகாயராணி மேசையிலிருந்த தன் குழாயைப் பார்த்தாள். தண்ணீர் ஆறரைக் கோட்டில்தான் நின்றது.

"எழுதுங்க," என்றாள் நஸீமா.

"நார்மல் இல்லையே மேம். எக்ஸாமினர் பார்த்தா…"

"வந்ததை எழுதுங்க."

சகாயராணி ரப்பரைத் தேடினாள். நஸீமா அதை நகர்த்தி வைத்தாள். சகாயராணி 12.5-இன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 6.5 என்று எழுதினாள். எழுத்து கோணிப்போயிற்று. நஸீமா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

சகாயராணி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் பண்ணினது தப்பில்லையா மேம்?"

"தப்பாப் பண்றவங்களுக்கு நாலு தடவையும் ஒரே எண் வராது."

சகாயராணி முக்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வராந்தாவில் விடுதிப் பெண்களின் செருப்புச் சத்தமும் சிரிப்பும் நெருங்கி வந்தன.

நஸீமா போய்க் கதவை உள்ளே தாழிட்டாள். தாழ் போட்ட பிறகும் திரும்பாமல், கதவைப் பார்த்தபடியே நின்றாள்.