பெரியவர் காருக்கு ஓர் இன்ஜின்

ஆசிரமத்துப் பெரியவர் சமாதியாகி ஒரு மழைக்காலம் கழிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் அவருடைய காரும் மலைப்பாதையில் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். இந்த இன்ஜினுக்கு இனி வைத்தியம் இல்லை, பழைய இன்ஜின் வேறு ஒன்று வாங்கி மாட்ட வேண்டியதுதான் என்றான்.

மேலே இருக்கும் ஊர்களுக்கெல்லாம் அந்தக் கறுப்பு அம்பாசிடர்தான் ஆஸ்பத்திரி வண்டி. பிரசவ வலி என்றாலும் பாம்புக்கடி என்றாலும் ஆசிரமத்து வாசலில் வந்து குரல் கொடுப்பார்கள். ஓட்டுவது மாரப்பன். அவர் சீடராகத்தான் வந்தார். தியானத்தில் தினமும் தூங்கி விழுவதைப் பார்த்துவிட்டு, "உனக்கு இதுதான்டா ஜபம்" என்று பெரியவர் கார் சாவியைக் கொடுத்துவிட்டார். அப்போது மாரப்பனுக்கு மீசை கறுப்பு. இப்போது தேடினாலும் ஒரு கறுப்பு முடி கிடைக்காது.

பெரியவரின் இடத்தில் இப்போது இருப்பவரை எல்லோரும் இளையவர் என்று சொன்னார்கள். மாரப்பனுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

இரண்டு பேரும் இன்ஜின் பார்க்க, பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் உக்கடத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். பாதி வழியில் மாரப்பன் சொன்னார்.

"வண்டி ஓட ஆரம்பிச்சதும் சாவியைக் கொடுத்துட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேனுங்க சாமி."

"அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணுமில்லீங்க. இங்க மட்டும் இனி எனக்கு என்ன இருக்குது?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. முதல்ல இன்ஜினைப் பார்ப்போம்."

கமருதீன் பாயின் கடையில் தரை தெரியாமல் இன்ஜின்கள் கிடந்தன. பாய் ஒன்றை இழுத்துப் பழைய டயர் மேல் ஏற்றினார். காரின் கியர்பாக்ஸில் இருக்கும் துளைகளை மாரப்பன் ஓர் அட்டையில் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். வைத்துப் பார்த்தால் துளைக்குத் துளை பொருந்தியது. பாய் பெட்ரோல் பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டார். பேட்டரியைக் கொடுத்து ஓடவிட்டார். ஓடுகிற இன்ஜின் தலைமேல் ஒரு டீ கிளாஸை வைத்தார். டீ நடுங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மாரப்பன் கண்ணை மூடிக் கேட்டார்.

"வேண்டாமுங்க."

இரண்டாவதையும் வேண்டாம் என்றார். மூன்றாவதையும். நாலாவது ஓடிக்கொண்டிருக்கும்போது பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"புகை வருதுங்களா?"

"இல்லீங்க."

"ஆயில் ஒழுகுதுங்களா?"

"இல்லீங்க."

"துளை பொருந்துது, வண்டியில இன்ஜின் உட்கார்ற இடம் பொருந்துது. இன்னும் எதுங்ணா பொருந்தணும்?"

"காது," என்றார் மாரப்பன்.

பாய் இளையவரிடம் திரும்பினார். "சாமி, நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா? தம்புரா விக்கிற கடை வேற தெருவுங்க."

இளையவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மாரப்பனுக்குச் சுருக்கென்றது. பெரியவர் ஒருநாளும் இப்படிப் பல் தெரியச் சிரித்தது இல்லை.

"உங்களுக்கு எந்தச் சத்தம் வேணும்?" என்று கேட்டார் இளையவர்.

"கடைசி வளைவுல, ரெண்டாவது கியர்ல ஏறுறப்போ ஒரு சத்தம் வருமுங்க. அடித்தொண்டையில முனகுற மாதிரி. அதைக் கேட்டுக்கிட்டே பெரியவர் பின் ஸீட்டுல தூங்கிடுவார். வளைவு திரும்பினதும் சத்தம் இறங்கும். உடனே முழிச்சுக்குவார். 'வீடு வந்துருச்சா மாரப்பா?'ம்பார். ஆசிரமம்னு அவர் வாயில வந்ததே இல்லீங்க. வீடுதான்."

மாரப்பன் துளை வெட்டிய அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பாய் மெல்ல இன்ஜினை நிறுத்தினார்.

இளையவர் கேட்டார்.

"அந்த இன்ஜின் காரோட வந்ததா?"

"இல்லீங்க. காரோட வந்தது எப்பவோ போயிருச்சு. இப்ப நின்னுபோனதை இங்கதான் வாங்கினோம். இந்தப் பாயோட அப்பா இருந்தப்போ."

"முதல் நாளே அந்தச் சத்தம் இருந்துச்சா?"

மாரப்பனுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கீங்க! சளி பிடிச்ச எருமை மாதிரி செருமுச்சு. இது நம்ம வண்டியே இல்லை, நான் தொட மாட்டேன்னு சாவியைக் கொண்டுபோய் மாடத்துல வெச்சிட்டேன்."

"பெரியவர் திட்டினாரா?"

"ஒரு வார்த்தை சொல்லலீங்க. காலையில போய்ப் பின் ஸீட்டுல உட்கார்ந்தார். வெயில் ஏறுது, மேல தகரம் கொதிக்குது, மனுஷன் இறங்கவே இல்லை. பார்த்துக்கிட்டு இருக்க முடியலை. நானே போய்ச் சாவியை எடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, ஓட்டினேன். ஓட்டிக்கிட்டே இருந்தேன்."

மாரப்பன் யோசித்தார். அந்த முனகல் எந்த நாளில், எந்த வளைவில் முதன்முதலாக வந்தது என்று நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

இளையவர் நாலாவது இன்ஜினுக்குப் பக்கத்தில் குந்தினார். அதைத் தட்டிக்கொடுப்பதுபோல் உள்ளங்கையை வைத்தார். சூடு பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்து உதறினார். பாய் ஓடிப்போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்தார்.

கையில் தண்ணீர் ஒழுக, இளையவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவு நேரம் வெயில்ல உட்கார எனக்கு வராது, மாரப்பண்ணா. பெரியவர் பொறுமை எனக்கில்லை. இதையும் என்னையும் நீங்கதான் கொஞ்ச நாள் பொறுத்துக்கணும்."