மருந்து மண்டபத்தைக் காலி செய்தவன்

ராஜாக்கள் பல்லக்கில் போன காலத்தில், மாந்தை என்ற நாட்டைப் பொன்னவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அதுவரை அங்கே எந்த வைத்தியனும் மருந்துப் பக்குவத்தை வெளியே சொல்லமாட்டான். அப்பனிடமிருந்து மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் மண்ணுக்கு. பொன்னவர்மன் பட்டமேறிய கையோடு, "மருந்து ஊருக்குப் பொது" என்று ஆணையிட்டான். பெரிய மண்டபம் கட்டி, பக்குவங்களையெல்லாம் கல்லில் வெட்டிவைத்தான். யாரும் படிக்கலாம், எழுதி எடுத்துப் போகலாம், பிழையிருந்தால் திருத்தலாம். நாலா திசையிலிருந்தும் வைத்தியர்கள் வந்து குவிந்தார்கள். சாகக்கிடந்தவர்கள் பிழைத்தார்கள். ஜனங்கள் ராஜாவைத் தெய்வம் என்றார்கள்.

அங்கேதான் சனி பிடித்தது. சேந்தன் என்ற பிரதானி மண்டப வாசலில் ராஜாவுக்குச் சிலை வைத்தான். அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். எந்தத் திருத்தத்துக்கும் ராஜா தலையாட்டவேண்டும். ராஜாவுக்கும் அது ருசித்துப்போயிற்று. எதிர்த்துப் பேசினால் "மடையா" என்பான். பெண்களைக் கண்டால் அவன் வாய் நீளும்.

ஒருநாள் பூவதி என்ற மருத்துவச்சி, விஷக்காய்ச்சல் கஷாயத்திலுள்ள பிழையைச் சொல்ல எழுந்தாள்.

"கஷாயம் கிடக்கட்டும். இவ்வளவு அழகான கையை வைத்துக்கொண்டு வேர் இடிப்பானேன்? கிட்டே வா, பார்ப்போம்" என்றான் ராஜா. சேந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நான் மருந்தைப் பற்றிப் பேச வந்தேன், மகாராஜா."

"மருந்தைப் பொதுவாக்கிய மகராசனிடமே வாய் காட்டுகிறாயா?" என்று சீறினான் சேந்தன்.

பூவதி போய்விட்டாள். அவளுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் சில நாளில் இரண்டுபேர் வரவில்லை, பிறகு நாலுபேர். கடைசியில் மண்டபத்தில் வௌவால்கள்தான் மிச்சம்.

அந்த வேளை பார்த்து விஷக்காய்ச்சல் பரவியது. ராஜா மந்திரி அறவாணனைக் கூப்பிட்டான். "என் மண்டபத்தைக் காலி செய்த துரோகியைப் பிடித்துக் கொடும். இல்லாவிட்டால் உமது பதவி போச்சு!"

"அந்தப் பூவதிதான், பிரபு" என்றான் சேந்தன்.

"பிடித்துத் தருகிறேன். அதற்கு நான் சொல்வதைக் கேட்கவேண்டும்" என்றார் மந்திரி.

மறுநாள் சிலைமேல் கோணிச்சாக்கு விழுந்தது. 'ராஜா இனி மண்டபத்துக்கு வரமாட்டார், அவர் அனுமதியும் தேவையில்லை' என்று ஊரெங்கும் பறையடித்தார்கள். சில நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. மந்திரி ராஜாவைக் கம்பளியால் போர்த்தி, காய்ச்சல்காரனைப்போல் உள்ளே கூட்டிப்போனார்.

"ஏனய்யா எல்லோரும் திரும்பி வந்துவிட்டீர்கள்?" என்று கேட்டான் ராஜா.

"அவர் இல்லையே!" என்றார் வேர் நறுக்கிக்கொண்டிருந்த வைத்தியர்.

ராஜா கம்பளியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டான். "பூவதி அம்மா வரவில்லையா?"

"எல்லைக் கிராமத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனவள், அதே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் சொல்லவந்த திருத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்."

வெளியே வந்ததும் மந்திரி கேட்டார். "துரோகியைப் பார்த்தீர்களா, மகாராஜா?"

"பார்த்தேன்."

சேந்தன் ஓடிவந்து காலில் விழுந்தான். "பிரபு! தாங்கள் இல்லாமல் மண்டபம் என்ன ஆகும்?"

"அதைத்தான் பார்த்துவிட்டு வருகிறேன்" என்ற ராஜா, அவனைக் காய்ச்சல்காரர்களுக்கு வெந்நீர் சுமக்க அனுப்பினான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

"முதலில் சாவு நிற்கட்டும், மகாராஜா" என்றார் மந்திரி. வாங்கிக்கொள்ளவில்லை.

சரியான பக்குவம் கிடைப்பதற்குள் தெருவுக்குத் தெரு பாடை போய்விட்டது. அந்தக் கஷாயத்துக்குப் பூவதியின் பெயரை வைக்கச் சொல்லி ராஜா ஆளனுப்பினான். போனவன் திரும்பிவந்து சொன்னான்:

"கல்லில் முன்னமே வெட்டிவிட்டார்கள், மகாராஜா."