போணி ஆச்சா?

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகு, செக்கடித் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. மூன்று கடைகள் பூட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமை மிச்சக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடி, தெருவைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடலாமா என்று முடிவெடுப்பதாகப் பேச்சு.

பாத்திரக்கடை மாசிலாமணி அண்ணாச்சிதான் தெருவுக்குத் தலைவர். அவர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள். அவருக்கோ போகவும் மனசில்லை, இருக்கவும் தைரியமில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்காமல், கடைசியில் சின்ன மாதாவிடம் போனார்.

ஆற்றங்கரை மடத்து மாதா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதனால்தான் சின்ன மாதா என்று பெயர். ஆனாலும் அண்ணாச்சிக்கு அவர்தான் குரு.

“தாயே, இந்தத் தெரு பிழைக்குமா, பிழைக்காதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நாளைக்குக் காலையில உங்க கடையில வந்து உட்காரலாமா, அண்ணாச்சி?”

“இதைக் கேட்கணுமா தாயே!”

மறுநாள் கடை திறக்கும்போதே மாதா வந்துவிட்டார். அண்ணாச்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மாதா உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணி வாக்கில் ஓர் அம்மா வந்தாள். இட்லிச் சட்டி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள், மூடியைப் போட்டுப் பார்த்தாள், மகள் தனிக்குடித்தனம் போகிற கதையைச் சொன்னாள், ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். அண்ணாச்சி முதல் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

அவள் தலை மறைந்ததும் எதிர்க்கடை மைதீன் பாய் படியிறங்கி வந்தார். நூல், பட்டன், ஊசி விற்கிறவர்.

“என்ன அண்ணாச்சி, போணி ஆச்சா?”

“எங்க பாய்! ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு?”

“உங்ககிட்ட ஈயாவது இருக்கு. என் கடையில அதுவும் பஸ் ஏறிப் போயிருச்சு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாய் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

“பாய் சொன்னது நிஜமா?” என்று கேட்டார் மாதா.

“நிஜம்தான் தாயே. இருபது வருஷமாப் பழகுறேன். பொய் சொல்ல மாட்டார்.”

“நீங்க சொன்னது?”

அண்ணாச்சிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அது… கடைக்காரங்க வழக்கம் தாயே. ஆச்சுன்னு சொன்னா திருஷ்டி பட்டுரும். யார் கேட்டாலும் ஆகலைன்னுதான் சொல்லணும்.”

“போன மாசம் பூட்டிட்டுப் போனாரே, செருப்புக்கடை சுடலையாண்டி. அவர் உங்ககிட்ட என்ன கேட்பார்?”

“இதேதான். தினமும் காலையில வந்து, போணி ஆச்சா அண்ணாச்சின்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். ஷட்டரை இழுத்த அன்று சுடலையாண்டி சொன்னது நினைவுக்கு வந்தது. ‘உங்க கடைக்கே இந்த நிலைமைன்னா, என் கடைக்கு எவன் வரப்போறான் அண்ணாச்சி?’

அன்றைக்குக் காலையில் அண்ணாச்சி ஒரு ஜோடி குத்துவிளக்கு விற்றிருந்தார்.

அண்ணாச்சி செருப்புகூட மாட்டாமல் எழுந்து தெருவைத் தாண்டினார்.

“பாய், எனக்குப் போணி ஆயிருச்சு. இட்லிச் சட்டி.”

பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கிட்டத்தில் வந்து காதோடு சொன்னார்:

“எனக்கு நாலு பேர் வந்து வாங்கிட்டுப் போயாச்சு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

“தாயே, பாய் கடைக்கு நாலு பேர் வந்திருக்காங்க! பூக்கடை ஆவுடையம்மாவும் தினமும் இல்லைன்னுதான் சொல்லுது. எல்லாரும் இப்படியேதான் சொல்லிக்கிட்டு இருக்கோமா?”

மாதா கிளம்ப எழுந்தார். அண்ணாச்சி பின்னாலேயே வந்தார்.

“வெள்ளிக்கிழமை அவங்கவங்க கடையில நடக்கிறதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லட்டுமா? ஆனா தாயே… ஊர்க்கண்ணு மொத்தமா வந்து விழுந்துருமே?”

மாதா படியில் நின்று திரும்பினார்.

“பூட்டின கடைக்கு எந்தக் கண்ணும் படாது, அண்ணாச்சி.”