வானம் தெளிஞ்சிருந்த நாட்கள்

"மேகத்தை என்ன பண்றது டீச்சர்?"

கேட்டவர் கருமலையான். சர்வேயராக ஊர் ஊராக நிலம் அளக்கச் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைபடம் போடக் கற்றுக்கொள்ள வந்துவிட்டார். டீச்சர் சகாயராணிக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். அதில் அவருக்குக் கூச்சம் இல்லை. டீச்சருக்கும் அவர் வயசைப் பார்த்து இரக்கம் இல்லை.

"மேகம் உங்கள என்ன பண்ணுச்சு?"

"படத்தைக் கெடுக்குது."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"மேகம் இருக்குற படத்தையெல்லாம் ஒதுக்கிட்டேன்."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். படிப்புச் சொல்லிக்கொடுக்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

மாவட்ட ஆபீஸ் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததில் கருமலையானுக்கு வந்த வேலை இதுதான். மாவட்டத்தில் எந்தக் கண்மாய்க்கு இன்னும் தண்ணீர் வருகிறது, எது செத்துப்போனது என்று பத்து வருசப் படங்களைப் பார்த்து எழுத வேண்டும். செத்ததென்று எழுதினால் அந்த இடத்தை மேடாக்கிச் சரக்கு அடுக்கக் கிட்டங்கி கட்டுவார்கள்.

அவர் பங்குக்கு வந்ததில் மாவிலங்கனேந்தல் கண்மாயும் இருந்தது. அது அவர் பிறந்த ஊர்.

படம் படமாகத் தேடினார். எல்லாம் கண்ணாடி போலத் தெளிவான படங்கள். கரை தெரிந்தது, மடை தெரிந்தது, கரையில் நின்ற கருவேல மரங்கூடத் தெரிந்தது. தண்ணீரை மட்டும் காணோம். நீலமாக ஒரு சொட்டு இல்லை.

ஊரில் இருந்து தங்கை பூமயில் போன் பண்ணினாள். புருசன் போன பிறகு அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் கிடக்கிற துண்டு வயல்தான் அவளுக்குச் சோறு. மழைக்கு நிறையத்தான் செய்கிறது, போன கார்த்திகையில் அதில்தானே துணி துவைத்தேன் என்றாள். இவர் நம்பவில்லை. சங்கிலி பிடித்த காலத்தில் இப்படி எத்தனை பேர் கதை சொல்லிக் கேட்டிருக்கிறார்! படத்தில் கொஞ்சம் நீலம் தடவிவிடேன் அண்ணே என்று கேட்டபோது போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

டீச்சரிடம் போய் நின்றார்.

"எங்க ஊரு கண்மாய் செத்துருச்சு டீச்சர். நாளைக்கு எழுதிக் குடுக்கணும்."

டீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். மேகம் எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் அளவு வைத்துக் கருமலையான் படங்களைச் சலித்திருந்தார். டீச்சர் அந்த அளவைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டார். ஒதுக்கிய படங்களெல்லாம் திரும்பி வந்தன. திரை முழுக்கப் பால் பொங்கினது போல வெள்ளை.

"என்ன தெரியுது?"

"மேகம்."

"அதுக்குக் கீழ?"

"தெரியல."

"எந்த மாசத்துப் படம்?"

தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஐப்பசி, கார்த்திகை.

"உங்க ஊருக்குத் தண்ணி எப்ப வரும்?"

ஆழமில்லாத கண்மாய் அது. ஐப்பசி மழைக்கு நிறையும். தை பிறந்து வானம் தெளிகிறபோது தண்ணீரெல்லாம் மடை வழியாக வயலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இது கருமலையானுக்குத் தெரியாததா? வெயில் நாளாகப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீர் தேடியிருக்கிறார். தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

"தெரியலன்னு எழுதுனீங்களா, இல்லன்னு எழுதுனீங்களா?"

"இல்லன்னு."

அப்புறம் மெல்லக் கேட்டார். "தெரியலன்னு எழுதுனா ஒத்துக்குவாங்களா டீச்சர்?"

"மாட்டாங்க. கண்ண மூடுங்க."

மூடினார். டீச்சர் அவர் கையைப் பிடித்து, மூலையில் இருந்த மூடி போட்ட தண்ணீர் டிரம் மேல் வைத்தார்.

"எதுவரைக்கும் தண்ணி இருக்கு?"

விரலை மடக்கி மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றது கை.

"இதுவரைக்கும்."

"பாத்தீங்களா?"

"தட்டுனேன். சத்தம் மாறுச்சு."

"மேலயும் அப்படித் தட்டிப் பாக்குற ஒண்ணு சுத்துது" என்று சொல்லிவிட்டு டீச்சர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ரேடார் படங்களை அன்றுதான் கருமலையான் முதல்முதலாகத் திறந்தார். ரேடார் தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். மேகம் அதை மறிக்காது. ஆடாமல் கிடக்கிற தண்ணீரில் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடுவதால் அந்த இடம் கறுப்பாக விழும்.

இத்தனை நாளும் நீலத்தைத் தேடின மனிதர், கறுப்பைப் பார்த்ததும் அழுதுவிட்டார். கரை வளைகிற இடம் அப்படியே அவர் ஊர்க் கரை. வருசா வருசம் அந்தக் கறுப்பு வந்து நிரம்பியிருந்தது. ஒரு வருசம் மட்டும் வரவில்லை. அதை வரவில்லை என்றே எழுதினார்.

மறுநாள் மாவட்ட ஆபீஸ் அதிகாரி முன்னால் படங்களை விரித்து வைத்தார். அதிகாரி மோசமான ஆள் இல்லை. பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் இந்தக் கறுப்பை எப்படி நம்புவது என்ற சந்தேகம் அவரை விடவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கார்த்திகை வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

"நேர்லயே போய்ப் பாத்துருவோம். வானம் கொஞ்சம் தெளியட்டும்."

கருமலையான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்பவே போவோம் சார். தெளிஞ்சா தெரியாது."