ஒரு பிள்ளை, இரண்டு பாய்

மாறன்குடிச் சீமையில் ஒரு வரிச் சட்டம் இருந்தது. புருஷனும் பெண்சாதியும் பிரிந்துவிட்டால், பிள்ளை எந்த வீட்டில் உறங்குகிறதோ அந்த வீட்டுக்குப் பாதி வரி. ஒரு பிள்ளையை இரண்டு வீட்டில் எழுதக் கூடாது. எழுதாத வீட்டில் பிள்ளை இரவு தங்கவும் கூடாது. சட்டம் போட்டவர் பிள்ளை பெற்றவராக இருக்க முடியாது என்று ஊரில் முணுமுணுப்பார்கள்.

வரி தண்டும் கச்சிராயருக்கும் பிள்ளை கிடையாது. முழு வரி கட்டுகிற ஒண்டிக்கட்டை, ஆனால் கறார்ப் பேர்வழி. அவரிடம் ஓடைக்கு இக்கரைத் தேவானையும், அவளை விட்டுப் பிரிந்து அக்கரையில் இருந்த உடையானும் ஒரே நாளில் வந்தார்கள். மகள் நாச்சி தினமும் தன் வீட்டில்தான் தூங்குகிறாள் என்று இருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். யார் புளுகுவது என்று பார்த்துவிடலாமென்று கச்சிராயர் கிளம்பினார்.

அன்று அடைமழை. ஊரடங்கியபின் தேவானை கதவைத் திறந்து காட்டினாள். நாச்சி உறங்கிக்கொண்டிருந்தாள். பஞ்சுத் தலையணைதான், ஆனால் தலை வைத்த இடம் கொஞ்சமும் அமுங்கவில்லை. கச்சிராயர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடையான்தான் புளுகன் என்று முடிவுகட்டி, முழங்கால் சேற்றில் ஓடையைத் தாண்டினார்.

அங்கேயும் நாச்சி படுத்திருந்தாள். உடையான் அவள் காலிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அம்மாதான் தினமும் அனுப்பிவைக்கிறாள், நல்ல மனசு என்றான். கச்சிராயர் தான் தாண்டி வந்த ஓடையைத் திரும்பிப் பார்த்தார். உடையான் தண்ணீர் எடுக்கப் புறக்கடைக்குப் போனதும் குழந்தை கண்ணைத் திறந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. பாய் காலியா இருந்தா அழும். அதான் அவளைப் படுக்கவச்சிட்டு வரேன். விடியறதுக்குள்ள போயிடுவேன்."

"யாரைப் படுக்கவச்சே?"

"ஓடைகிட்ட நின்னுக்கிட்டிருப்பா. பேரில்ல. பாவம் மாமா, அவளுக்கு அம்மாவும் இல்ல."

நாச்சியை இங்கே எழுதினால் தேவானையின் பாய் காலி. அங்கே எழுதினால் கணக்குப் பொய், உடையானுக்கும் மகள் இல்லை. கதை கேட்கிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: சட்டமும் மீறாமல், பெற்றவர் வயிறும் எரியாமல், நாச்சியை அவர் எந்த வீட்டில் எழுத வேண்டும்?

விடை: உடையான் வீட்டில். சேற்றுக்கால் பொய் சொல்லாது. தேவானை வீட்டிலும் ஒரு பிள்ளை உறங்குகிறதே, அதையும் எழுத வேண்டியதுதான். உறங்கும் பிள்ளை என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, பெற்ற பிள்ளை என்று இல்லை. பேரில்லாமல் எழுத முடியாததால் கச்சிராயர் தன் தாயின் பெயரையே வைத்தார். ஆத்தாள் பெயரைப் பிள்ளைக்கு வைப்பவன் யார் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. மறுநாள் விடியற்கருக்கலில், நாச்சி அம்மாவிடம் திரும்பியிருக்கும் நேரம், அவர் பக்கத்தில் சில்லென்று எதுவோ வந்து படுத்தது. அதன் காலில் துளிச் சேறும் இல்லை. எழுதாத வீட்டில் தங்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தார், மனம் வரவில்லை. போர்வையை இழுத்து அதற்கும் போர்த்திவிட்டார்.